தொண்டை நிறைய அத்திப்பழம்

பொதிகை மலைக் காட்டில் ஒரு பெரிய நாங்கு மரம் இருந்தது. அதன் பொந்துக்குள் வடிவு என்ற பெண் இருவாச்சிப் பறவை சிறையிருந்தாள். யாரும் அவளைச் சிறை வைக்கவில்லை. அவளே வைத்துக்கொண்ட சிறைதான்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்துவிட்டால் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகின் நுனி நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் அதன் பறக்கிற சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கிற வரைக்கும் வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அதுவரை தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு அந்தக் கீறல் வழியாகத்தான் வர வேண்டும். அதைக் கொண்டுவருகிற வேலை ஆண் பறவையுடையது.

வடிவுக்கும் அவள் குஞ்சுக்கும் கொண்டுவருகிறவன் மாசிலாமணி. மஞ்சள் அலகும், தலைக்கு மேல் கவிழ்த்துவைத்த தோணி மாதிரி ஒரு கொண்டையுமாகப் பார்க்கக் கம்பீரமாக இருப்பான். விடிந்ததும் பள்ளத்தாக்கைத் தாண்டி அத்திமரத்துக்குப் போவான். தொண்டை கொள்ளுமட்டும் பழங்களை நிரப்பிக்கொண்டு திரும்புவான். ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்துக் கீறலுக்குள் நீட்டுவான். மறுபடி கிளம்பிவிடுவான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறை இருந்ததெல்லாம் அவன் வயிற்றில்தான். அதில் ஒன்றும் இல்லை!

சாயங்காலம் ஆனால் அந்த மலையின் ஆண் இருவாச்சிகள் எல்லாரும் ஒரு பட்டமரத்தில் வந்து கூடுவார்கள். அங்கே பேச்சு ஒன்றே ஒன்றுதான். யார் எத்தனை நடை போனது, யார் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் கிடந்தது.

"விடிஞ்சதுலேருந்து அடையுத வரைக்கும் ஒரு பழம் என் வயித்துக்குள்ள போகல, தெரியுமாவே?" என்பான் இசக்கிமுத்து. அந்தக் கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவன் அவன்தான்.

"நான் நேத்துலேருந்தே சாப்பிடல" என்பான் அடுத்தவன்.

கூட்டுக்குப் போகிற பழத்தில் ஒன்றைத் தான் விழுங்கினால் போச்சு. 'தின்னிப்பயல்' என்ற பெயர் அந்த வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் கண்ணயர்ந்தவனுக்கு அதைவிட மோசமான பெயர். மீசை மட்டும் இருந்திருந்தால் எல்லாரும் முறுக்கியிருப்பார்கள். அப்படி ஒரு வீம்பு.

மாசிலாமணி இளவட்டம் இல்லை. பல குஞ்சுகளைப் பறக்கவிட்டவன். முன்பெல்லாம் பள்ளத்தாக்கை ஒரே மூச்சில் கடப்பான். இந்த வருஷம் நடுவில் ஒரு மரத்தில் உட்கார வேண்டியிருந்தது. யாரும் பார்க்காத மரமாகப் பார்த்து உட்கார்ந்தான். அங்கேயும் சும்மா இளைப்பாறாமல், யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு சாக்கைத் தயார் செய்துகொண்டிருந்தான்.

ஒரு நாள் யாரோ வந்தேவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, ரொம்பச் சடவா, களைச்சுப்போய் இருக்கீக போல" என்றது ஒரு குரல்.

மேல் கிளையில் சொக்கன் என்ற மலை அணில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தா அந்தப் பாறைய வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான் மாசிலாமணி.

"பாறை எங்கயும் ஓடிராது. நான் ஒரு விஷயம் சொல்லுதேன், கேளுங்க." சொக்கன் கன்னத்துக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு பழத்தை எடுத்தான். "மலைக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டம் இருக்குல்லா? அங்க உள்ளது. இத ஒண்ணு போட்டுப் பாருங்க. இளவட்டம் கணக்கா பறப்பீக."

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இருக்கீக, இருக்கீக. இன்னும் நல்லா இருக்கலாமேன்னு சொன்னேன். பதிலுக்கு நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். அத்திமரத்துல கிழக்குக் கிளை இருக்கு பாருங்க, அந்தப் பக்கம் மட்டும் நீங்க வராம இருந்தாப் போதும்."

கிழக்குக் கிளையில்தான் பழம் முந்திப் பழுக்கும். நிறையவும் பழுக்கும். மாசிலாமணிக்கு அது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கிளையைவிட 'இளவட்டம்' என்ற சொல்தான் அவன் காதுக்கு இனித்தது. பழத்தை வாங்கிச் சப்பினான்.

அன்றைக்கு அவன் பறந்த பறப்பை என்னவென்று சொல்ல! நெஞ்சு படபடவென்று அடித்தது. களைப்பு போன இடம் தெரியவில்லை. அதோடு, பசியும் போய்விட்டது. சாயங்காலம் பட்டமரத்தில் அவன் போய்வந்த நடைகளைக் கேட்டு இசக்கிமுத்துவே வாயைப் பிளந்தான். மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. இமைக்குள்ளேயும் காடு ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் உடம்பு முறித்துப்போட்டதுபோல வலித்தது. அதற்கு மருந்து இன்னொரு சிவப்புப் பழம். மறுநாளைக்கு ஒன்று போதவில்லை. கிழக்குக் கிளையைச் சொக்கனுக்கு விட்டுக்கொடுத்ததால் பக்கத்துப் பழம் தீர்ந்து, மலை முகட்டைத் தாண்டி வேறு மரம் தேடிப் போக வேண்டியதாயிற்று. தூரம் கூடியது. தூரத்துக்காகச் சிவப்புப் பழமும் கூடியது. தெம்பைத் தேடிப் போனவன் இருந்த தெம்பையும் விட்டுவிட்டு நின்றான்.

வெளியே இருந்த யாருக்கும் இது தெரியவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்தவளுக்குத் தெரிந்தது.

இருவாச்சி பறந்தால் காட்டுக்கே கேட்கும். நீராவி ரயில் மேடு ஏறுவதுபோல ஒவ்வொரு சிறகடிக்கும் ஒரு பெருமூச்சுச் சத்தம் எழும். இருட்டுப் பொந்துக்குள் கிடந்த வடிவுக்கு அந்தச் சத்தம்தான் புருஷன். கீறல் வழியாக அவளுக்கு அவன் அலகு நுனி மட்டுமே தெரியும். ஆள் எப்படி இருக்கிறான் என்பதை அவள் காதால்தான் பார்த்தாள்.

"இங்க பாருங்க" என்றாள் ஒரு நாள், பழத்தை வாங்காமல். "உங்க றெக்கைச் சத்தம் மாறிருக்கு."

"அப்படியா?"

"முந்தியெல்லாம் ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவுல நான் பிள்ளைய ஒருக்கா தடவிக் குடுப்பேன். இப்ப அதுக்கு நேரம் இல்ல. அவ்வளவு வேகமா அடிக்கீக. ஆனா வந்து சேருததுக்கு முந்தியைவிட நேரமாகுது. என்ன செய்யுது உங்களுக்கு?"

"எதிர்க்காத்து, வடிவு."

"போகும்போதும் எதிர்க்காத்து, வரும்போதும் எதிர்க்காத்தா?"

மாசிலாமணி அடுத்த பழத்தைக் கீறலுக்குள் நீட்டினான்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு, ஆச்சு."

"எப்பக் கேட்டாலும் ரெண்டு தடவை ஆச்சுன்னு சொல்லுதீக. ஒரு தடவை ஆயிருந்தாலே போதும். உடம்புக்கு ஏதாவதுன்னா எங்கிட்ட சொல்லுங்க."

"ஆம்பளைக்கு உடம்புக்கு என்ன வரும்? நீ பிள்ளையப் பாரு" என்று அதட்டிவிட்டுக் கிளம்பினான்.

அதட்டியது கோபத்தில் இல்லை, பயத்தில். வாயைத் திறந்து 'முடியல' என்று சொல்லிவிட்டால் அன்றோடு முடியாமலே போய்விடும் என்று அவன் நம்பினான். பாவம், அப்படித்தான் அவன் வளர்ந்திருந்தான்.

அடுத்த நாள் தூறல். முகட்டைத் தாண்டிப் போய்த் தொண்டை முட்ட அத்திப்பழம் நிரப்பிக்கொண்டு அவன் திரும்பிக்கொண்டிருந்தான். நாங்கு மரம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். அப்போது சிறகுகள் நடுங்கின. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிளைகளை முறித்துக்கொண்டு, மரத்தடிப் புதரில் பொத்தென்று விழுந்தான்.

பொந்துக்குள் வடிவு சிறகடியை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தம் பாதியில் நின்றது. பிறகு கிளை முறிந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"இங்க பாருங்க! எங்க இருக்கீக?"

"கீழதான் இருக்கேன்" என்று புதரிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "அடி ஒண்ணும் படல. றெக்கைதான் வரமாட்டேங்குது. கொஞ்சம் கெடந்துட்டு வாரேன்."

அடுத்து மேலேயிருந்து டொக் டொக் என்று சத்தம். வடிவு உள்ளேயிருந்து சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள்!

மாசிலாமணிக்கு உயிரே போய்விட்டது. அவளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. குஞ்சு வெறும் தோலும் கண்ணுமாகக் கிடக்கிறது. சுவர் போனால் இரண்டு பேருக்கும் காவல் இல்லை.

"உடைக்காத வடிவு! உடைக்காத!"

டொக். டொக். சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து அவன் பக்கத்தில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். எதிர்மரத்துக் கிளையில் ஒரு மரநாய் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

மரநாய்க்கு முன்னால் வந்து சேர்ந்தவன் சொக்கன். சத்தம் கேட்டு ஓடிவந்து புதருக்கு மேலே தொங்கினான். "ஐயோ அண்ணாச்சி, இப்படி ஆகும்னு நான் நெனைக்கவே இல்ல. இந்தாங்க, ஒரு பழம் போடுங்க, சரியாயிரும்" என்று சிவப்புப் பழத்தை நீட்டினான்.

மாசிலாமணியின் அலகு தானாகவே அதை நோக்கிப் போனது.

"அது என்ன பழம்?" மேலேயிருந்து வடிவின் குரல் கேட்டது.

மாசிலாமணி வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். காப்பிப் பழம், கிழக்குக் கிளை, வராத தூக்கம், இல்லாத பசி. சொல்லச் சொல்ல அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொன்னதால் உயிர் போய்விடவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது மாதிரிதான் இருந்தது.

"அது உங்க பசிய அடக்குது. ஆத்தல" என்றாள் வடிவு. "இப்ப உங்க தொண்டைல என்ன இருக்கு?"

"அத்திப்பழம்."

"எவ்வளவு?"

"தொண்டை நிறைய."

"முழுங்குங்க."

மாசிலாமணி திகைத்துப்போனான். தொண்டை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு பசியில் விழுந்து கிடக்கிறோமே என்பது அதுவரை அவன் புத்தியில் படவே இல்லை. "அது உனக்கும் பிள்ளைக்கும் உள்ளது. நான் எப்படி..."

"நீங்க முழுங்குத வரைக்கும் நான் கொத்துவேன்."

"எதிர்மரத்துல மரநாய் நிக்குது, வடிவு!"

'மரநாய்' என்ற சொல் காதில் விழுந்ததும் சொக்கன் இருந்த இடம் தெரியவில்லை. சிவப்புப் பழம் மட்டும் சேற்றில் கிடந்தது.

"நிக்கட்டும்" என்றாள் வடிவு. அவள் குரல் உடைந்திருந்தது. "நீங்க இல்லேன்னா இந்தச் சுவரு எனக்கு எதுக்கு? உள்ளயே கெடந்து நானும் பிள்ளையும் பட்டினியா சாகவா? எங்களுக்காகச் சாப்பிடாம இருக்கேன்னு நெனைக்கீக. எங்களுக்காகத்தான் நீங்க சாப்பிடணும்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷமாகப் பட்டமரத்தில் பேசிய வீரமெல்லாம் அந்த ஒரு பேச்சில் உதிர்ந்துபோயிற்று. தொண்டையிலிருந்து ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தான். தலையை அண்ணாந்து விழுங்கினான்.

இனித்தது! அந்தப் பருவம் முழுக்க அத்திப்பழம் சுமந்தவனுக்கு அத்திப்பழத்தின் ருசி மறந்தே போயிருந்தது. இன்னொன்றை விழுங்கினான். மற்றொன்றையும் விழுங்கினான். மேலே கொத்துகிற சத்தம் நின்றது.

"மெதுவா" என்றாள் வடிவு. "அவசரம் இல்ல. நான் மரநாய்க்கு அலகக் காட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் அவன் அசையாமல் கிடந்தான். பழம் வயிற்றில் இறங்க இறங்க நடுக்கம் குறைந்தது. மரநாய் எதிர்மரத்திலிருந்து இறங்கி, நாங்கு மரத்தில் ஏறத் தொடங்கியபோது மாசிலாமணி சிறகை விரித்தான். வேகமில்லை. ஆனால் முழுசான, ஆழமான அடிகள். புதரே ஆடியது. தலைக்கு மேல் அந்தப் பெருமூச்சுச் சத்தம் எழுந்ததும் மரநாய் பிடியை விட்டுவிட்டு இறங்கி ஓடியது.

பொந்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தவனுக்கு வெட்கமாக இருந்தது. "பிள்ளைக்குன்னு ஒரே ஒரு பழம்தான் வச்சிருக்கேன்."

"போதும்" என்றாள் வடிவு. "ஆளு வந்துட்டீகளே."

ஓடைக்கரையிலிருந்து அவன் ஈரமண் கொண்டுவந்து கொடுத்தான். பெயர்ந்த இடத்தை அவள் உள்ளேயிருந்தே பூசிச் சரிசெய்துகொண்டாள். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டாள். ஒவ்வொரு நடையிலும் அவன் நீட்டுகிற முதல் பழத்தை அவள் வாங்குவதில்லை. கீறல் வழியாகத் திருப்பி வெளியே தள்ளிவிடுவாள். அதை அவன் விழுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த பழத்துக்கு அலகை நீட்டுவாள். உச்சிவெயில் நேரத்தில் அவன் பறக்கக் கூடாது. பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். முதலிரண்டு நாள் அவன் ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. பிறகு இரண்டு கண்ணும் தானாக மூடின. சில நாள் குறட்டைகூடக் கேட்டது.

சிவப்புப் பழத்தை விட்டதும் சில நாள் தலை கனத்தது. எரிச்சல் வந்தது. "இன்னைக்குச் சள்ளுபுள்ளுன்னு விழுவேன், கண்டுக்கிடாத" என்று அவனே முன்கூட்டிச் சொல்லிவிடுவான். அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டதே பெரிய விஷயம். சிறகுக்குப் பழைய மினுமினுப்பு திரும்பியது. நடை குறைந்தது, ஆனால் கொண்டுவருகிற பழம் குறையவில்லை. முன்பு நடுங்கி நடுங்கி வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தவன் இப்போது ஒன்றைக்கூடச் சிந்தவில்லை.

சொக்கன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தான். "கிழக்குக் கிளைய நீங்களே வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."

"ரெண்டு பேருமே தின்போம்வே" என்றான் மாசிலாமணி. "அந்தச் சிவப்புப் பழத்த மட்டும் என் கண்ணுல காட்டாதீரும்."

வெகு நாள் கழித்து அவன் பட்டமரத்துக்குப் போனான். பேச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மாசிலாமணி, இன்னைக்கு எத்தன நடை?" என்று கேட்டான் இசக்கிமுத்து.

"எண்ணலவே. மத்தியானம் தூங்கிட்டேன்."

கிளையெல்லாம் சிரிப்பு. "சாப்பிட்டீரோ?" என்று ஒருவன் சீண்டினான்.

"நடைக்கு ஒண்ணு. முதல் பழம் எனக்குத்தான்." மாசிலாமணி குரலை உயர்த்தவில்லை. "கொஞ்ச நாளைக்கு முன்னால நான் தொண்டை நிறையப் பழத்தோட பசியில மயங்கி விழுந்தேன். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் வீட்டுல யாரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. அதுக்கு மேலயும் என்னைத் தின்னிப்பயன்னு சொல்லணும்னா சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் இசக்கிமுத்து மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தான். கிளையைப் பற்றியிருந்த அவன் கால்கள் நடுங்குவதை மாசிலாமணி அப்போதுதான் பார்த்தான்.

"ஏன்வே" என்று இசக்கிமுத்து குசுகுசுத்தான், "மத்தியானம் படுத்தா நெசமாவே தூக்கம் வருமா?"

"முதல்ல சாப்பிடும். அப்புறம் தானா வரும்."

மறுநாள் உச்சிவெயிலில் அந்தக் காட்டில் ஒரு குறட்டை அல்ல, இரண்டு கேட்டன.

மழை விட்ட ஒரு காலையில் வடிவு சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதுச் சிறகு பளபளவென்று முளைத்திருந்தது. குஞ்சு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கத்தியது. இத்தனை நாளும் அலகு நுனியை மட்டும் பார்த்திருந்தவள் இப்போதுதான் புருஷனை முழுசாகப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, இப்படி மெலிஞ்சிருக்கீக?"

"இது தேறின உடம்பு, வடிவு. முந்தி நீ பாத்திருக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து அத்திமரத்துக்குப் பறந்தார்கள். வடிவு ஒரு பழத்தைப் பறித்தாள். அதைத் தொண்டைக்குள் போடாமல் அவன் முன்னால் நீட்டினாள். அவன் தயங்காமல் தலையை அண்ணாந்து விழுங்கினான்.

குடும்பத்தைத் தாங்குகிறவன் தன் உடம்பையும் அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றாக நினைத்து, பசித்தால் ஊட்டவும் களைத்தால் உறங்கவைக்கவும் வேண்டும்.